கேள்வி – பதில்: விமானம் படித்தவர் மென்பொருள் தொழிலுக்கு வந்தால்

விமான, விண்வெளிப் பொறியியல் படித்தவர்கள் மென்பொருள் நிறுவனம் தொடங்குவது பற்றியும், பின்னால் வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது பற்றியும் திருகோணமலை மாவட்ட வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். விமானப் பொறியியல் படிக்க விருப்பம். "அதைப் படித்தாலும் கடைசியில் கொம்பியூட்டருக்கு முன்னால்தான் இருக்கப்போகிறாய், நேரே அதையே படி" என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா?
— மாணவி, உப்புவெளி

மாமா சொன்னதில் முதல் பாதி சரி. விமானப் பொறியியலாளர் ஒருவரின் வேலைநாளில் பெரும்பகுதி திரைக்கு முன்னால்தான் போகிறது. அதற்காக நேரே கணினியே படிக்க வேண்டும் என்றில்லை. பொறியியல் கணிப்பு மென்பொருள் என்ற தொழில்துறையின் பெரும்பகுதி, விமானமும் ரொக்கெட்டும் செய்தவர்களின் தேவையில் பிறந்தது. 1963இல் மெக்நீல், ஷ்வெண்ட்லர் என்ற இரு பொறியியலாளர்கள் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், பின்னர் நாசாவுக்காக உருவான நாஸ்ட்ரான் என்ற கட்டமைப்புக் கணிப்பு மென்பொருளில் பங்கெடுத்தது. அணுசக்தி ரொக்கெட் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்த ஜோன் சுவான்சன் 1970இல் வீட்டிலிருந்தபடியே தொடங்கியதுதான் இன்றைய ஆன்சிஸ். பிரான்சின் டசோ விமான நிறுவனம், தன் வடிவமைப்பாளர்களுக்காக எழுதிய கற்றியா மென்பொருளை 1981இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. ஒரு கணக்கு எந்த இடத்தில் பிழைக்கும் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது. விலைபோனது அந்த அறிவு.

ஆகவே உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். இணையத்தளமும் கைத்தொலைபேசிச் செயலியும் செய்வதுதான் ஆசையென்றால் கணினி விஞ்ஞானமே நேர்வழி. பொருள் ஒன்று ஏன் அப்படி அசைகிறது என்று தோண்டிப் பார்க்கும் ஆசையிருந்தால் விமானப் பொறியியல் வீண்போகாது. இரண்டையும் ஒரு வாரத்தில் சோதித்துப் பார்க்கலாம். பைதன் மொழியில், எறிந்த பந்து ஒன்று காற்றின் தடையோடு எங்கே விழும் என்று கணிக்கும் நிரலை எழுதுங்கள். முதலில் நேர இடைவெளியை 0.1 விநாடியாக வையுங்கள். பிறகு 0.05 ஆக்குங்கள். விழும் இடம் எவ்வளவு மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று பாருங்கள். அடுத்ததாக நாகா 2412 என்ற இறக்கை வெட்டுமுகத்தை வரையுங்கள். முதல் இலக்கம் நடுக்கோட்டின் வளைவு, அதாவது நாண் நீளத்தின் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரையான நேர்நீளத்தின்) 2 சதவீதம். இரண்டாவது, அந்த வளைவு உச்சம் பெறும் இடம், 40 சதவீதத்தில். கடைசி இரண்டும் தடிப்பு, 12 சதவீதம். இந்த இரண்டையும் செய்யும்போது சாப்பாட்டு நேரம் மறந்துபோனால் மாமாவுக்குப் பதில் கிடைத்துவிடும்.

இலங்கையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பட்டம் உண்டு. மற்றப் பல்கலைக்கழகங்களில் இயந்திரவியல் பொறியியல் படித்துவிட்டு முதுமானிக்கு மாறுவதும் நல்ல வழி. சென்னையில் எம்.ஐ.ரி. என்று சொல்லப்படும் கல்லூரி, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். எதற்குப் போனாலும் இணைந்த கணிதத்தில் வகையீடு, தொகையீடு, காவிகள் மூன்றும் கைப்பழக்கமாக இருக்கவேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் விமானக் கட்டுப்பாட்டு மென்பொருளில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டேன். ஊருக்குத் திரும்பிச் சிறு மென்பொருள் நிறுவனம் தொடங்கும் எண்ணம். என் அனுபவத்தில் எது இங்கே உதவும், எது தடையாகும்?
— வாசகர், பாலையூற்று

தடையிலிருந்து தொடங்குகிறோம். பலர் விழுவது அதில்தான்.

விமானத் துறையில் தேவைகளை எழுதி, கையொப்பமிட்டு, பூட்டிய பிறகுதான் நிரல் எழுதுவீர்கள். மெயின் வீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவருக்குத் தனக்கு என்ன வேண்டுமென்று திரையைப் பார்க்கும்வரை தெரியாது. அது அவருடைய குறையல்ல. ஆறு மாதம் மூடிய அறையில் எழுதிக்கொண்டு போய் வைத்தால், "தம்பி, எனக்குக் காலாவதித் திகதிதான் முக்கியம்" என்பார். இரண்டு வாரத்தில் அரைகுறையாகவேனும் ஒன்றைக் காட்டுங்கள். அவருடைய கடையில், அவருடைய மேசையில், அவருடைய பழைய கணினியில் காட்டுங்கள்.

ஆனால் விமானத் துறையின் ஒழுங்குமுறையே இங்கே பயன்படாது என்று நினைத்துவிடாதீர்கள். விமான மென்பொருளுக்கான டிஓ-178சி நியமத்தை நீங்கள் அறிவீர்கள். அது எல்லா நிரலுக்கும் ஒரே கண்டிப்பைக் கேட்பதில்லை. பிழைத்தால் விமானமே போய்விடும் என்பது ஏ நிலை. எந்தப் பாதிப்பும் இல்லை என்பது இ நிலை. ஏ நிலையில், ஒரு முடிவுக்குள் இருக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே அந்த முடிவை மாற்றுகிறதென்று சோதனையால் காட்டவேண்டும். சி நிலைக்கு, ஒவ்வொரு கூற்றும் ஒரு தடவையாவது இயங்கியது என்று காட்டினால் போதும். இந்தத் தராசை அப்படியே கொண்டுவாருங்கள். உங்கள் மென்பொருளின் வேலைகளை ஒரு தாளில் எழுதி, "இது பிழைத்தால் யாருக்கு என்ன நடக்கும்" என்று பக்கத்தில் குறியுங்கள். பணக்கூட்டல், மருந்தின் அளவு, பதிவை அழிப்பது ஆகியவற்றை இரண்டாம் ஆள் பார்க்காமல் வெளியிடக்கூடாது. தானியங்கிச் சோதனையும் வேண்டும். நிறமும் பொத்தானின் இடமும் இன்று போட்டு நாளை மாற்றலாம். எல்லாவற்றுக்கும் ஏ நிலைக் கண்டிப்பைப் பிடித்தால் காசு முடிந்துவிடும். எதற்குமே பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார்.

அளவை அலகு பற்றிய பயத்தையும் விடாதீர்கள். 1999 செப்டெம்பரில் செவ்வாய்க்குப் போன விண்கலம் ஒன்றை நாசா இழந்தது. ஒரு பக்கம் பவுண்ட்-விசை விநாடியில் கொடுத்த எண்ணை மறுபக்கம் நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. உங்கள் நிரலில் ஒவ்வொரு மாறியின் பெயரிலும் அலகு இருக்கட்டும்: எடை_கிராம், தூரம்_மீற்றர். பணத்தைத் தசம எண்ணாக வைக்கவே வேண்டாம். 0.1 என்பதை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. சதமாக்கி முழு எண்ணாக வையுங்கள். ஆயிரம் பற்றுச்சீட்டு கூட்டியபின் ஐந்து சதம் உதைத்தால் கடைக்காரர் முழு மென்பொருளையும் சந்தேகிப்பார். அவர் சந்தேகிப்பதும் நியாயமே.

பழைய நிரலை மீண்டும் எடுத்துப் பயன்படுத்தும்போது ஐரோப்பாவின் ஆரியான் 5 ரொக்கெட்டை நினையுங்கள். 1996 ஜூன் 4இல் முதல் பறப்பிலேயே, 40 விநாடிக்குள் அழிந்தது. ஆரியான் 4இலிருந்து அப்படியே எடுத்த நிரல், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் பார்த்தது. 16 பிட்டில் உச்சம் 32,767. புதிய ரொக்கெட்டின் கிடைவேகம் பழையதைவிடக் கூடியதால் எண் அதைத் தாண்டிவிட்டது. பழைய ரொக்கெட்டில் அது பிழையே அல்ல. இதைவிட முக்கியமானது, துணைக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் அதே பிழையில் நின்றுபோனது. ஒரே நிரல் ஓடும் இரண்டு சேவையகங்களை வைத்துக்கொண்டு "எங்களிடம் மாற்று ஏற்பாடு இருக்கிறது" என்று சொல்லும் நிறுவனங்கள் இதை வாசிக்கவேண்டும். மாற்று ஏற்பாடு என்பது தரவின் பிரதி வேறிடத்தில் இருப்பதும், அந்தப் பிரதியிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை செய்துபார்ப்பதும்தான். மீட்டுப் பார்க்காத பிரதியை இல்லாத பிரதியாகவே எண்ணுங்கள்.

சரிபார்ப்புப் பட்டியல் உங்களுக்குப் புதிதல்ல. 1935 ஒக்டோபர் 30இல் போயிங் 299 மாதிரி விமானம், கட்டுப்பாட்டுப் பரப்புகளின் பூட்டைத் திறக்க மறந்ததால் விழுந்தது. விமானிகள் தேர்ந்தவர்களே. அதற்குப் பிறகுதான் பட்டியலை வாசித்துப் பறக்கும் வழக்கம் ஊன்றியது. புதிய பதிப்பை வெளியிடும் நாளுக்கும் ஒரு பக்கத்துக்கு மேற்படாத பட்டியல் வையுங்கள். பிரதி எடுத்தாயிற்றா, முந்தைய பதிப்புக்குத் திரும்ப எத்தனை நிமிடம், தரவுத்தள மாற்றத்தைப் பின்னோக்கிச் செய்யமுடியுமா, வாடிக்கையாளருக்குச் சொல்லியாயிற்றா, இன்றிரவு தொலைபேசிக்கு யார் பொறுப்பு. ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். மனதுக்குள் வாசித்தால் கண் தாவிவிடும். வெள்ளி பின்னேரம் எதையும் வெளியிடாதீர்கள்.

கேள்வி: ஆதர் சி. கிளார்க் திருகோணமலையில் இருந்தவரா? அவரை விண்வெளியோடு சேர்த்துப் பேசுவது ஏன்?
— வாசகி, உவர்மலை

இலங்கையில் குடியேறிய விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளரான அவர் திருகோணமலைக் கடலில் அடிக்கடி முக்குளித்தவர். 1956இல் சுவாமி மலையடிக் கடலுக்குள், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டவர்களில் ஒருவர். விண்வெளியில் அவர் பெயர் நிலைத்தது 1945 ஒக்டோபரில் வெளிவந்த கட்டுரையால். மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்கத் தொடர்பாடலாம் என்று அவர் கணித்துக் காட்டினார். அவர் பெயரில் மொரட்டுவையில் நவீன தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இலங்கையின் இராவணா-1 செய்மதி அந்த நிறுவகத்தின் தொடர்போடு, யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவானது. பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் உள்ள பெட்டி. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட.

கேள்வி: கொட்பே பக்கத்தில் வெளியிணைப்பு இயந்திரப் படகு வைத்திருக்கும் சம்மாட்டிமாருக்கு, படகு எவ்வளவு தூரம் ஓடியது, எண்ணெய் எவ்வளவு போனது என்று காட்டும் செயலி செய்கிறோம். கணக்கு ஒவ்வொரு நாளும் உதைக்கிறது. கரையில் கட்டியிருந்த படகு 5 கிலோமீற்றர் ஓடியதாகக் காட்டுகிறது. என்ன பிழை?
— மூன்று நண்பர்கள், திருகோணமலை வளாகம்

நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். விமான வழிசெலுத்தலில் அறுபது வருடமாகத் தீர்த்துவரும் சிக்கல்தான் உங்கள் கையில் இருப்பதும்.

கட்டியிருக்கும் படகு ஏன் ஓடுகிறது? ஜீபீஎஸ் சொல்லும் இடம் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மீற்றர் தள்ளாடும். 10 விநாடிக்கு ஒருமுறை 2 மீற்றர் தள்ளாடினால் மணிக்கு 360 தடவை, 720 மீற்றர். எட்டு மணித்தியாலத்தில் 5.76 கிலோமீற்றர். உங்கள் 5 கிலோமீற்றர் இதுதான். திருத்தம் எளிது. கடைசியாகக் கூட்டிய புள்ளியிலிருந்து நேர்கோட்டில் 20 மீற்றர் தாண்டினால் மட்டும் புதிய புள்ளியைக் கூட்டுங்கள். அலையில் நங்கூரமிட்ட படகு கயிற்றின் நீளத்துக்கு ஆடும் என்பதால், வலை போட்டிருக்கும் நேரத்தில் இந்த எல்லையை 50 மீற்றர்வரை உயர்த்தவேண்டி வரலாம்.

வேகத்தை எப்படி எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு இடங்களைக் கழித்து நேரத்தால் வகுத்தால் அதிலும் இதே நோய் வரும். ஒவ்வொரு புள்ளியிலும் 3 மீற்றர் பிழையென்றால் இரண்டின் வித்தியாசத்தில் ஏறத்தாழ 4.2 மீற்றர். ஒரு விநாடி இடைவெளியில் அது 8 நொட் பொய்வேகம். ஜீபீஎஸ் வாங்கியே டொப்ளர் விளைவிலிருந்து வேகத்தைக் கணித்துத் தருகிறது. அந்த எண்ணை எடுங்கள், அது பலமடங்கு நம்பகமானது. அது மீற்றர்/விநாடியில் வரும். நொட் ஆக்க 0.514ஆல் வகுக்கவேண்டும்.

அடுத்து, இடத்தைச் சேமிக்கும் முறை. திருகோணமலையின் நெடுங்கோடு 81 பாகை சொச்சம். அதை 32 பிட் தசம எண்ணாக வைத்தால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலேயே ஏறத்தாழ 0.8 மீற்றர் இடைவெளி விழும். ட்ரோன்கள் பேசும் மாவ்லிங் நெறிமுறையில் பாகையை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக அனுப்புகிறார்கள். 81.23 பாகை 812300000 ஆகும். உச்சமான 180 பாகைகூட 32 பிட் குறியுள்ள முழு எண்ணின் எல்லைக்குள் அடங்கும். அதையே பின்பற்றுங்கள். இலக்கமும் நுணுக்கம், இடமும் மிச்சம்.

கடலில் கொஞ்சத் தூரம் போனால் கைத்தொலைபேசி அலை இருக்காது. ஆகவே பதிவு முதலில் கருவியிலேயே விழவேண்டும். கரைக்கு வந்து அலை கிடைத்ததும் அனுப்பவேண்டும். 30 விநாடிக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றும் 20 பைற் என்றால் ஒரு நாளுக்கு 2,880 பதிவு, 57.6 கிலோபைற். இது ஒன்றுமேயில்லை. ஆனால் அனுப்பும் நடுவில் அலை அறுந்தால் அதே பதிவுகள் இரண்டாம் தரமும் வரும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் படகு இலக்கத்தோடு ஒரு வரிசை எண் கொடுங்கள். ஏற்கனவே வந்த எண்ணைச் சேவையகம் தள்ளிவிடவேண்டும். நேரத்தைக் கைத்தொலைபேசிக் கடிகாரத்தில் எடுக்காதீர்கள், யாராவது மாற்றிவைத்திருப்பார்கள். ஜீபீஎஸ் நேரத்தை உலக நேரமாகவே சேமித்து, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். தொலைபேசி மாதிரியைப் பார்த்து வாங்குங்கள். திரை அணைந்ததும் பற்றரியை மிச்சம் பிடிக்கப் பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும் மாதிரிகள் நிறைய. முதல் மாதத்தில் வரும் முறைப்பாடுகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

எண்ணெய்க் கணக்குக்கு உணரி வாங்கத் தொடங்காதீர்கள். மண்ணெண்ணெய்க் குழாய்க்குள் ஓட்டமானி பூட்டினால் உப்பும் அழுக்கும் அடைக்கும், இயந்திரம் நின்றால் பழி உங்கள்மேல். கரையில் நிரப்பும் லீற்றரை எழுதுவித்து, வந்தபின் மிச்சத்தை அளவுகோலால் அளந்து எழுதுவியுங்கள். பத்துப் பயணம் சேர்ந்ததும் ஓட்ட மணிக்கு எத்தனை லீற்றர் என்று ஒரு கோடு போடலாம். அதற்குப் பிறகும் படகின் இடம் தள்ளாடுவது குறையாவிட்டால், தள்ளாடும் அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் கணித முறையான கல்மன் வடிகட்டியைப் படியுங்கள். ருடொல்ஃப் கல்மன் 1960இல் எழுதியது, அப்பலோ விண்கலம் வழிகாண உதவியது. ஆனால் 20 மீற்றர் எல்லையைப் போட்டுப் பார்க்காமல் அதற்குள் இறங்காதீர்கள். வடிகட்டிக்குள் கொடுக்கும் பிழை அளவுகளை ஊகத்தில் வைத்தால் படகு தரையிலும் ஓடும்.

கடைசியாக ஒன்று. படகு எங்கே வலை போட்டது என்பது அந்தச் சம்மாட்டியின் முதுசம். பக்கத்துப் படகுக்காரருக்கு அந்தப் புள்ளி போய்விட்டதென்று தெரிந்தால் கொட்பேயில் ஒருவரும் உங்கள் செயலியைத் தொடமாட்டார்கள். யார் எதைப் பார்க்கலாம் என்பதை முதல் நாளே தமிழில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: நிறுவனத்தைப் பதிவுசெய்வது எப்படி? கொழும்புக்கு அலையவேண்டுமா?
— பலர்

தனியாள் தொழிலென்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவு போதும். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தல், அடையாள அட்டை, தொழில் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். உள்ளூர்க் கடைகளுக்கு மட்டும் வேலை செய்யும்வரை இதுவே நல்லது. ஆனால் கடன் வந்தால் உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு.

பங்காளிகள் இருந்தாலோ வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் செய்வதென்றாலோ வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனி நல்லது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் இருந்தால் போதும். கம்பனிச் செயலாளர் ஒருவர் கட்டாயம். பதிவு இணையத்தில் நடக்கும். முதலில் பெயர் ஒப்புதல், பிறகு படிவம் 1, பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19, கூடவே அமைப்பு விதிகள். இந்தப் படிவங்களில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கவேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதியதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம்.

பதிவு முடிந்ததும் வரி இலக்கம், வங்கிக் கணக்கு, வெளிநாட்டு நாணயக் கணக்கு. வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு முன்பிருந்த வரிவிலக்கு 2025 ஏப்ரலோடு நீங்கிவிட்டது. பழைய அறிவுரைகளை நம்பி விலை குறிக்காதீர்கள், கணக்காளரைக் கேளுங்கள். வருமானமே இல்லாத வருடத்திலும் ஆண்டு அறிக்கை கொடுக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நண்பர்கள் சேர்ந்து தொடங்கினால், ஒருவர் ஆறு மாதத்தில் வெளிநாடு போய்விட்டால் அவருடைய பங்கு என்னாகும் என்று இன்றே எழுதிக்கொள்ளுங்கள். பங்கை நான்கு வருடத்தில் சிறிது சிறிதாக உரித்தாக்குவதும், முதல் வருடம் முடியாமல் போனால் ஒன்றும் இல்லையென்பதும் பொதுவான ஏற்பாடு. நட்பு நன்றாக இருக்கும்போது எழுதினால் பத்து நிமிட வேலை.

கேள்வி: வேலையை விட்டு இறங்க எவ்வளவு சேமிப்பு வேண்டும்?
— வாசகர், தம்பலகாமம்

தொகையைச் சொல்லமுடியாது, கணக்கைச் சொல்லலாம். கையில் 20 இலட்சம், வீடும் தொழிலும் சேர்ந்து மாதச் செலவு 1 இலட்சத்து 60 ஆயிரம் என்று வைப்போம். பன்னிரண்டரை மாதம். முதல் பொருள் வெளிவர நான்கு மாதம், முதல் வாடிக்கையாளர் கிடைக்க இரண்டு மாதம், விலைப்பட்டியல் அனுப்பிப் பணம் கைக்கு வர அறுபது நாள். எட்டு மாதம் போய்விட்டது. மிச்சம் நாலரை மாதம்தான் உங்கள் உண்மையான ஓடுபாதை.

விமானி ஓடத் தொடங்குமுன்பே, எடை, வெப்பநிலை, ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றை வைத்து ஒரு முடிவு வேகத்தைக் கணித்துவிடுவார். அதுவரை பிரேக் போடலாம், அதைத் தாண்டினால் மேலே எழும்பியே ஆகவேண்டும். ஓடும்போது யோசிக்க நேரமில்லை என்பதால்தான் முன்பே கணிக்கிறார். நீங்களும் முதல் நாளே எழுதிவையுங்கள்: எட்டாம் மாத முடிவில் பணம் கட்டும் வாடிக்கையாளர் மூவர் இல்லையென்றால் ஒப்பந்த வேலைக்குத் திரும்புவேன். அந்தத் தாளை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

வேலைக்கு நாள் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் இரண்டு நாளுக்கு மேற்படாத துண்டுகளாக உடைத்துக் கூட்டுங்கள். விண்கலத்தின் தொடக்க வடிவமைப்பில் எடைக்கு 20, 30 சதவீதம் மேலதிகம் ஒதுக்குவார்கள், வடிவம் உறுதிப்பட அதைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். நாளுக்கும் அப்படியே ஒதுக்குங்கள். பணத்தை முன்பணம் 30, நடுவில் 40, ஒப்படைக்கையில் 30 சதவீதமாகப் பிரிப்பது இருபக்கமும் தாங்கும்.

கேள்வி: ட்ரோனில் வயல் படமெடுத்து விற்கலாமா?
— வாசகர், மூதூர்

அனுமதி முதல். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் இசைவும் இல்லாமல் பறக்கவிடாதீர்கள். கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் உள்ள மாவட்டம் இது. அனுமதி வரும்வரை, ட்ரோனை ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருளின் கணினிப் பாவனையில் பறந்து பழகுங்கள், அது இலவசம். படங்களை ஒட்டி வரைபடமாக்க முன்பின் 75 முதல் 80 சதவீதமும் பக்கவாட்டில் 65 முதல் 70 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். நெல் காற்றில் ஆடும் நேரத்தில் எடுத்தால் ஒட்டாது. காலையில் எடுங்கள்.

கேள்வி: வழிகாட்டி ஒருவரை எப்படிப் பிடிப்பது? செய்தி அனுப்பினால் பதில் வருவதில்லை.
— இறுதியாண்டு மாணவி, நிலாவெளி

"எனக்கு வழிகாட்டுவீர்களா" என்று கேட்டால் பதில் வராது. பெரிய பொறுப்பாகத் தெரியும், என்ன செய்யவேண்டுமென்றும் தெரியாது. ஒரு கேள்வி கேளுங்கள். நான் செய்தது இது, எதிர்பார்த்தது இது, நடந்தது இது, இந்த இரண்டில் ஒன்றென்று நினைக்கிறேன், எதை முதலில் பார்ப்பது. பத்து வரிக்குள். பதில் வந்தால் செய்துபார்த்து, என்ன நடந்தது என்று ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். பலர் இந்த இரண்டாவது கடிதத்தை எழுதுவதில்லை. அதை எழுதுபவரைத்தான் பெரியவர்கள் நினைவில் வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் போன்ற அமைப்புகள் புத்தாக்கப் போட்டிகளோடு வழிகாட்டலும் ஒழுங்குசெய்கின்றன. அங்கிருந்தும் தொடங்கலாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற விமானப் பொறியியலாளர் நான். வளாகத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் உதவி கேட்கிறார்கள். நானே செய்துகொடுத்துவிடாமல் அவர்களைச் செய்யவைப்பது எப்படி?
— வாசகர், அன்புவழிபுரம்

ஐயா, நீங்கள் இப்படிக் கேட்பதே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம், நேரம் மாறாமல். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பு அவர்கள் ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும்: போனமுறை சொன்னது, செய்தது, சிக்கியது, எடுக்கவேண்டிய முடிவு. பக்கம் வராவிட்டால் சந்திப்பைத் தள்ளிவையுங்கள். ஒருமுறை தள்ளினால் அடுத்தமுறை வரும். எழுதும்போதே பாதிச் சிக்கல் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கினால் தமிழில் எழுதட்டும். வாடிக்கையாளருக்குப் போகும் தாளை மட்டும் ஆங்கிலத்தில் கேட்டு, அதைத் திருத்திக் கொடுங்கள்.

நீங்கள் பழகிய ஆரம்ப வடிவமைப்பு மீளாய்வு, இறுதி வடிவமைப்பு மீளாய்வு இரண்டையும் சுருக்கி நடத்துங்கள். முதலாவதில் ஒரேயொரு நிரல்கூட இருக்கக்கூடாது. யாருக்கு, எந்தச் சிக்கல், எந்த அளவில் தீர்ந்தால் போதும் என்பது மட்டும். இரண்டாவதில் ஒவ்வொரு பகுதிக்கும் "இது எப்படிப் பிழைக்கும்" என்று அவர்களே எழுதவேண்டும். நீங்கள் காணும் பிழையை உடனே சொல்லாதீர்கள். "மின்சாரம் போனால் இந்த இடத்தில் என்ன நடக்கும்" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பெரியவர்களுக்குக் கடினமான பகுதி இந்த அமைதிதான். நிரலைப் பார்ப்பதென்றால் ஒரே இருப்பில் 300 வரிக்கு மேல் வேண்டாம், கண் களைத்துப்போகும். விசைப்பலகையில் கை வைக்காதீர்கள்.

பெண்பிள்ளைகள் இருந்தால் சந்திப்பைப் பகலில், நூலகத்திலோ வளாகத்திலோ வையுங்கள். மாலை பஸ் பிடித்துக் குச்சவெளிக்கும் கிண்ணியாவுக்கும் போகவேண்டியவர்கள் அதனாலேயே நின்றுவிடக்கூடாது. பேச்சுக்காகப் பங்கு கேட்காதீர்கள், அவர்கள் தந்தாலும் முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள். பங்கு இருந்தால் "இதை நிறுத்திவிடுங்கள்" என்று உங்களால் சொல்லமுடியாமல் போகும். ஆறு மாதத்துக்கென்று தொடங்கி, முடியும் திகதியை முதல் நாளே சொல்லுங்கள். அந்தத் திகதியில் தொடர விருப்பமா என்று இருபக்கமும் தனித்தனியே தாளில் எழுதிக் கொடுத்தால், கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டு போகும் நிலை வராது.